ஒரே மின்சாரத்தில் ஆறு கார்கள்: டிஜிட்டல் ஸ்லாட் கார் பந்தயம் – வாசகர் கேள்வி பதில்

டிராக்கில் வெட்டிய பள்ளத்தில் (ஸ்லாட்) மின்சாரத்தால் ஓடும் சிறு கார்கள்தான் ஸ்லாட் கார்கள். அவற்றை வைத்து டிஜிட்டல் பந்தயம் நடத்துவது பற்றி வந்த கடிதங்களிலிருந்து, பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துப் பதில் தந்திருக்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: நண்பர்களுக்குள் அனலாக் டிராக்கில் பந்தயம் நடத்திவருகிறோம். டிஜிட்டலுக்கு மாறினால் காரும் டிராக்கும் மாறும், சரி. பந்தயம் நடத்தும் முறையும் மாற வேண்டுமா?

பதில்: மாறத்தான் வேண்டும். அனலாக்கில் ஒரு லேனுக்கு, அதாவது ஒரு பள்ளத்துக்கு, ஒரு கார். கையிலுள்ள கன்ட்ரோலரின் விசையை எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு வோல்டேஜ்தான் அந்த லேனின் ரெயிலுக்கு (பள்ளத்தின் இருபுறமும் உள்ள உலோகப் பட்டைக்கு) வரும். ஒரு கார் படுத்தால் அந்த லேன் மட்டும்தான் படுக்கும்.

டிஜிட்டலில் எல்லா ரெயிலிலும் எந்நேரமும் முழு வோல்டேஜ் இருக்கும். அதே ரெயில் வழியாகவே '3ஆம் கார் பாதி வேகம், 5ஆம் கார் நில்' என்பது போன்ற கட்டளைகள் வினாடிக்குப் பல முறை போய்க்கொண்டிருக்கும். காருக்குள் உள்ள சிப், தன் எண்ணுக்கு உரிய கட்டளையை மட்டும் பிரித்தெடுத்து மோட்டாரை ஓட்டுகிறது. ஆக, மின்சாரமும் பொது, கட்டளை வரும் பாதையும் பொது. ஒருவருடைய காரின் பிரெய்ட் (ரெயிலைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பின்னல் கம்பி) நுனி கலைந்து இரண்டு ரெயிலையும் சேர்த்துத் தொட்டால், ஓடிக்கொண்டிருக்கும் ஆறு கார்களும் நிற்கும். தவறு செய்தவர் ஒருவர், சுற்றை இழப்பவர்கள் ஆறு பேர்.

அதனால் இரண்டு மாற்றங்கள். ஒன்று, லேன் சுழற்சி (ஒவ்வொருவரும் எல்லா லேனிலும் முறைவைத்து ஓட்டுவது) தேவையில்லை. யாரும் எந்த லேனுக்கும் போகலாம் என்பதால், 'எனக்கு மோசமான லேன் விழுந்தது' என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு, பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு காரையும் பிரித்துப் பார்ப்பது கட்டாயம். அனலாக்கில் அது அவரவர் பொறுப்பு என்று விடலாம். டிஜிட்டலில் விட முடியாது.

கேள்வி: எங்களில் சிலரிடம் ஸ்கேலெக்ஸ்ட்ரிக், சிலரிடம் கரேரா கார்கள். எல்லாவற்றையும் ஒரே டிராக்கில் ஓட்டலாமா?

பதில்: சிப்பை மாற்றாமல் முடியாது. ஒவ்வொரு நிறுவனத்தின் கட்டளை மொழியும் வேறு. ஒன்றின் சிப் இன்னொன்றின் பவர் பேஸ் (டிராக்குக்கு மின்சாரமும் கட்டளையும் தரும் துண்டு) சொல்வதைப் புரிந்துகொள்ளாது. சிப்பை மாற்றிவிட்டால் ஓட்டலாம். ஆனால் கைடின் (ஸ்லாட்டுக்குள் இறங்கிக் காரை வழிநடத்தும் தகட்டின்) ஆழத்தையும் பாருங்கள். கரேரா டிராக்கின் ஸ்லாட் ஆழமானது. அதற்குப் பொருந்தும் நீளமான கைடு, ஸ்கேலெக்ஸ்ட்ரிக் டிராக்கில் ஸ்லாட்டின் அடியை உரசும், காரை அடுத்த லேனுக்கு மாற்றிவிடும் லேன் சேஞ்சர் துண்டில் இடிக்கும்.

புதிதாக வாங்கப்போகும் குழு முதலில் எத்தனை கார் ஒன்றாக ஓட வேண்டும் என்று முடிவு செய்யட்டும். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் டிஜிட்டலில் 6 கார். கரேரா டிஜிட்டல் 132-ல் 6 ஓட்டுநர்கள், அதற்கு மேல் தானாக ஓடும் காரும் பேஸ் காரும் (மற்றவற்றுக்கு முன்னால் ஓடி வேகத்தைக் கட்டுப்படுத்துவது) சேர்க்கலாம். ஸ்லாட்.இட் நிறுவனத்தின் ஆக்ஸிஜன் முறையில் 20 வரை போகலாம். அதில் கட்டளை ரெயில் வழியாக வருவதில்லை, வயர்லெஸ்ஸாகக் காருக்கே வருகிறது. அழுக்கு ரெயிலால் கட்டளை சிதைகிற தொல்லை அதில் இல்லை, விலையும் கற்றுக்கொள்ளும் சிரமமும் கூடுதல். பத்துப் பன்னிரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் குழுவுக்கு ஆறு கார் முறையே தாராளம்.

கேள்வி: ஆறு கார் ஓட எவ்வளவு நீள டிராக் வேண்டும்? லேன் சேஞ்சரை எங்கெங்கே வைப்பது? எங்கள் டிராக்கில் எல்லோரும் உள் லேனிலேயே வரிசை கட்டி நிற்கிறார்கள்.

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்திலேயே நோய் தெரிகிறது. ஒரு வட்டமான டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவு பெரிதோ சிறிதோ, வெளி லேன் உள் லேனைவிட எவ்வளவு நீளம் என்பது லேன்களுக்கு இடையிலான தூரத்தை மட்டுமே பொறுத்தது: அந்தத் தூரத்தை 6.28-ஆல் பெருக்கினால் வரும். ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கில் லேன் இடைவெளி 7.8 செ.மீ.; ஆகவே சுற்றுக்கு 49 செ.மீ. வித்தியாசம். கரேராவில் சுமார் 10 செ.மீ.; வித்தியாசம் 62 செ.மீ.க்கு மேல். ஐம்பது சுற்றில் இது 25 முதல் 31 மீட்டர் ஆகிவிடுகிறது. புத்தியுள்ள யாரும் உள் லேனை விடமாட்டார்கள்.

இதற்கு இரண்டு வழி. மேம்பாலமோ குறுக்குச் சந்தியோ வைத்து எட்டு வடிவம் ஆக்கினால் இரண்டு லேனும் சம நீளமாகும். ஆனால் அப்படிச் சமமாக்கினால் லேன் மாற்ற வேண்டிய அவசியமே குறைந்துவிடும். எங்களுக்குப் பிடித்தது இரண்டாவது வழி: வட்டப் பாதையையே வைத்துக்கொண்டு நடுவில் எதிர்த்திசை வளைவுகளைப் போடுவது. பாதியில் இடது லேன் குறுகியது, மீதியில் வலது லேன் குறுகியது என்று ஆகும்போது, நல்ல ஓட்டுநர் ஒரு சுற்றில் இரண்டு முறையாவது லேன் மாறியாக வேண்டும். முந்தும் வாய்ப்பு அங்கேதான் பிறக்கிறது.

நீளத்துக்கு ஒரு கணக்கு: காருக்கு 3 மீட்டர். ஆறு காருக்கு 18 மீட்டர், 20 என்றால் நிம்மதி. அதற்குக் குறைந்தால் பந்தயம் முழுக்க முட்டல்தான்.

லேன் சேஞ்சர் வைக்கும்போது மூன்று இடங்களைத் தவிருங்கள். வேகமான வளைவு முடிந்த மறு துண்டு வேண்டாம்; கார் அப்போதும் வால் ஆட்டிக்கொண்டிருக்கும், கைடு நேராக நாக்கில் (காரை லேன் மாற்றித் திருப்பும் அசையும் துண்டில்) நுழையாது. பிரேக் போடும் இடம் வேண்டாம். லேன் மாறி வரும் காரும் நேராக வரும் காரும் ஒரே நொடியில் மெதுவாகி மோதும். மிக மெதுவான வளைவுக்கு ஒட்டியும் வேண்டாம். லேன் சேஞ்சரில் ரெயில்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் மின்சாரம் இல்லாத சிறு துண்டு உண்டு. வேகமாக வரும் கார் அந்த உந்துதலிலேயே தாண்டிவிடும், ஊர்ந்து வரும் கார் சரியாக அதன் மேல் நின்றுவிடும். முன்னால் ஒரு நேர் துண்டு, பின்னால் ஒரு நேர் துண்டு இருக்கும் இடமே நல்லது. 20 மீட்டருக்கு நான்கு லேன் சேஞ்சர் போதும், இடமிருந்து வலம் இரண்டு, வலமிருந்து இடம் இரண்டு.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: கன்ட்ரோலரில் லேன் மாறும் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்களா என்று காரிலிருந்து படிக்கும் சென்சார், நாக்குக்குச் சற்று முன்னாலேயே இருக்கிறது. புதியவர்கள் நாக்கைப் பார்த்து அழுத்துவார்கள், அதற்குள் காலம் கடந்திருக்கும். சென்சாருக்கு ஒரு கார் நீளம் முன்னால் டிராக் ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுங்கள். 'ஸ்டிக்கரில் அழுத்து, தாண்டும் வரை விடாதே' என்று சொல்லிக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் கை பழகிவிடும்.

கேள்வி: இரண்டு கார் ஓடும்போது பிரச்சினை இல்லை. ஆறும் கிளம்பினால் டிராக்கின் தூரக் கோடியில் எல்லாமே சோர்ந்துபோகின்றன. சில சமயம் பவர் பேஸ் தானே அணைந்து மீண்டும் வருகிறது. அடாப்டர் பழுதா?

பதில்: இரண்டு நோய்கள் கலந்திருக்கின்றன. பவர் பேஸ் அணைந்து வருவது மின்சாரம் போதாமை. ஆறு மோட்டார் ஒரே நேரத்தில் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம், ஓட்டத்தில் இழுப்பதைவிடப் பல மடங்கு. ஸ்கேலெக்ஸ்ட்ரிக் சி7042 போன்ற பவர் பேஸில் 15 வோல்ட், 4 ஆம்பியர் அடாப்டர் இரண்டைச் செருக இடம் உண்டு. ஆறு காருக்கு இரண்டையும் செருகுங்கள். உங்கள் பவர் பேஸில் ஒரே துளைதான் என்றால் அதற்கென்று நிறுவனம் சொன்ன அடாப்டரைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

தூரக் கோடியில் சோர்வது ரெயிலின் மின்தடை. இதை அளந்தே பார்க்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, எல்லாக் கார்களையும் எடுத்துவிட்டு, பவர் பேஸ் துண்டைக் கழற்றுங்கள். வளையம் திறந்து, இரண்டு முனைகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒரு ரெயிலின் ஒரு முனையிலும் அதே ரெயிலின் மறு முனையிலும் கம்பியை வையுங்கள். 2 ஓம் காட்டுகிறது என்று கொள்வோம். பவர் பேஸை மாட்டியதும் தூரக் கோடிக்கு மின்சாரம் இரு பக்கமிருந்தும் வரும். ஒவ்வொரு பக்கமும் 1 ஓம், இரண்டும் சேர்ந்து அரை ஓம். போகும் ரெயில் அரை, திரும்பும் ரெயில் அரை, மொத்தம் 1 ஓம். ஒரு கார் 1 ஆம்பியர் இழுத்தால் 1 வோல்ட் போச்சு. நான்கு கார் அங்கே ஒன்றாக நின்று இழுத்தால் 15 வோல்ட் 11 ஆகிவிடும். சோர்வுக்குக் காரணம் அதுதான்.

முதல் மருந்து, மூட்டுகள். ரெயில் நுனிகள் ஒன்றோடொன்று தொடும் இடத்தில் தளர்ந்திருந்தால் சிறு ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பி இறுக்குங்கள். எந்த மூட்டு என்று கண்டுபிடிக்க, மீட்டர் கம்பியை அங்கேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாக விரலால் அழுத்துங்கள். எண் குதிக்கும் மூட்டே குற்றவாளி.

இரண்டாவது மருந்து, துணைக் கம்பி. பவர் பேஸுக்கு அடுத்த துண்டின் ரெயில்களிலிருந்து 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி இழுத்து, 5, 6 மீட்டருக்கு ஒரு முறை டிராக்கின் அடியில் ரெயிலோடு பற்றவையுங்கள். இடது ரெயிலுக்குச் சிவப்பு, வலது ரெயிலுக்குக் கறுப்பு என்று கடைசி வரை மாறாமல் போடுங்கள். ஒரே ஓர் இடத்தில் மாறிப்போனாலும் நேரடி ஷார்ட். தூரக் கோடியில் இன்னொரு அடாப்டரைத் தனியாகச் செருகலாமே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது. கட்டளை பவர் பேஸிலிருந்துதான் வர வேண்டும். நடுவில் நுழையும் வேறு மின்சாரம் கட்டளையைக் கெடுக்கும், பவர் பேஸையும் எரிக்கலாம்.

கேள்வி: சில கார்களுக்கு மட்டும் சுற்று எண்ணிக்கை விடுபடுகிறது. பகலில் அதிகம், இரவில் குறைவு. மென்பொருளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

பதில்: மென்பொருளை விட்டுவிட்டுக் காரின் வயிற்றைப் பாருங்கள். கைடுக்குப் பின்னால் கீழ்நோக்கி ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி. இருக்கிறது. ஒவ்வொரு கார் எண்ணுக்கும் அது வேறு வேறு வேகத்தில் மின்னும். டிராக்கில் உள்ள சென்சார் அதைப் படித்துத்தான் சுற்றை எண்ணுகிறது, லேன் சேஞ்சரும் அதையே படிக்கிறது.

பகலில் அதிகம் என்று நீங்களே எழுதியிருப்பது பெரிய துப்பு. வெயிலிலும், இழை பல்புகளிலும், ஹாலஜன் விளக்கிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. அது சென்சார் மேல் விழுந்தால், எல்.இ.டி.யின் மின்னல் அந்த வெளிச்சத்தில் மூழ்கிவிடும். ஜன்னலுக்குத் திரை போடுங்கள், அல்லது எண்ணும் துண்டின் மேல் அட்டையால் ஒரு வளைவு கட்டுங்கள். பந்தயத் திடலின் நுழைவு வாயில் போல அழகாகவும் இருக்கும், நிழலும் தரும். அறைக்கு எல்.இ.டி. விளக்கே பொருத்தம்.

சில கார்களுக்கு மட்டும் என்றால் காரிலும் குறை இருக்கும். கைபேசியின் முன்பக்கக் கேமராவில் காரின் அடியைப் பாருங்கள், கார் டிராக்கின் மின்சாரத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத எல்.இ.டி. கேமராவில் வெளிர் ஊதாவாகத் தெரியும். தெரியவில்லை என்றால் இணைப்பு அறுந்திருக்கும். மங்கலாகத் தெரிந்தால் மேலே டயர் தூளும் எண்ணெயும் படிந்திருக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். டிராக்கின் சென்சார் துளையையும் அப்படியே. பெரிய டயர் போட்டு உயர்த்திய காரில் எல்.இ.டி. சென்சாரை விட்டுத் தூரமாகிவிடுவதும் உண்டு.

வேகமும் ஒரு காரணம். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் கார், 1 செ.மீ. அகலமுள்ள சென்சார் பார்வையை 2 மில்லி வினாடியில் தாண்டிவிடும். அதற்குள் மின்னலை எண்ணி எந்தக் கார் என்று தீர்மானிக்க வேண்டும். எண்ணும் துண்டை மிக நீண்ட நேர்ப்பாதையின் கடைசியில் வைக்காதீர்கள். வளைவு முடிந்து ஒரு நேர் துண்டு தள்ளி வைத்தால் கார் நேராகவும் இருக்கும், உச்ச வேகமும் வந்திருக்காது.

கேள்வி: ஒரு கன்ட்ரோலரை அழுத்தினால் இரண்டு கார் ஓடுகிறது. ஏன்?

பதில்: காருக்குக் கன்ட்ரோலரின் எண்ணைப் பதியும்போது இரண்டும் டிராக்கில் இருந்திருக்கும். பதியும் கட்டளை டிராக்கில் உள்ள எல்லாச் சிப்புக்கும் போகும். எல்லாக் கார்களையும் கீழே எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக வைத்துப் பதியுங்கள். பதிந்ததும் காரின் அடியில் எண்ணை எழுதி ஒட்டுங்கள். பந்தயத்துக்கு நடுவே மறுபதிவு செய்ய யாருக்கும் அனுமதி தராதீர்கள்.

கேள்வி: 14 பேர் சேர்கிறார்கள். ஆறு கன்ட்ரோலர்தான். ஒரே மாலையில் எல்லோருக்கும் நியாயமாக ஓட்டம் கிடைக்கும்படி எப்படி அமைப்பது?

பதில்: ஆறு கன்ட்ரோலர் இருந்தாலும் ஒரு ஹீட்டில் (ஒரு குழுவின் ஒரு முறை ஓட்டத்தில்) ஐந்து பேரை மட்டும் ஓட்டவிடுங்கள். ஆறாவது கார் தயார் நிலையில் மாற்றாக இருக்கட்டும். நடுவில் ஒரு கார் படுத்தால் மாலையே நின்றுபோகாது. 14 பேரை 5, 5, 4 என்று மூன்று குழுவாகப் பிரியுங்கள்.

முதல் பந்தயத்துக்கு அவரவர் கார் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரே மாடல், ஒரே டயர், காரை ரெயிலோடு இழுத்துப் பிடிக்கும் ஒரே அளவு காந்தம் உள்ள ஐந்து காரைக் குழுவே தரட்டும். குழுவுக்கு ஐந்து ஹீட், ஒவ்வொரு ஹீட்டும் 5 நிமிடம். முதல் ஹீட்டில் 1ஆம் எண்ணில் ஓட்டியவர் அடுத்ததில் 2ஆம் எண்ணுக்குப் போவார், கடைசி எண்காரர் முதலுக்கு வருவார். எண்ணும் கன்ட்ரோலரும் பிணைந்தவை என்பதால் காரை மாற்ற வேண்டாம், ஆள் இடம் மாறினால் போதும். ஐந்து ஹீட் முடியும்போது ஒவ்வொருவரும் ஐந்து காரையும் ஒரு முறை ஓட்டியிருப்பார். நால்வர் குழுவில் ஒவ்வொரு முறையும் ஒரு கார் ஓய்வெடுக்கும். ஐந்து ஹீட்டின் சுற்றுகளைக் கூட்டினால் தரவரிசை.

நேரக் கணக்கு: மூன்று குழு, குழுவுக்கு ஐந்து, ஆக 15 ஹீட். ஓட்டம் 75 நிமிடம். இடம் மாற, டயர் துடைக்க ஹீட்டுக்கு 3 நிமிடம் வீதம் 45. ஆக இரண்டு மணி நேரம். முன்னால் பயிற்சிக்கு 40 நிமிடம், விதிமுறை சொல்ல 10. பின்னால் முதல் ஐந்து பேருக்கும் அடுத்த ஐந்து பேருக்கும் 12 நிமிட இறுதிச்சுற்று, இடைவெளியோடு 34. மூன்று மணி 24 நிமிடம் வருகிறது. நான்கு மணி நேரம் என்று அறிவியுங்கள். ஏதாவது ஒன்று தாமதமாகும்.

ஓட்டாத இரண்டு குழுவும் மார்ஷல்கள், அதாவது கழன்ற காரை எடுத்து வைப்பவர்கள். ஓட்டி முடித்தவர் உடனே தன் இடத்தில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அவர் கணக்கில் இரண்டு சுற்று கழிப்போம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடுமையாகத் தோன்றும். ஆனால் இந்த ஒரு விதி இல்லாத பந்தயங்களில் மூன்றாவது ஹீட்டுக்குள் வளைவில் ஆள் இருப்பதில்லை.

எண்ணிக்கைக்குக் கரேராவில் ஸ்மார்ட்ரேஸ், வேறு முறைகளுக்குப் பி.சி. லாப் கவுன்டர் போன்ற செயலிகள் உண்டு. எதுவானாலும் நேரம் முடிந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை முடிக்க விடும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சம சுற்று வந்தால் கோட்டை முதலில் தாண்டியவர் முன்னால். ஒரு தாளிலும் ஹீட் முடிவை எழுதுங்கள். மடிக்கணினி நடுவில் அணைந்தாலும் கணக்கு பிழைக்கும்.

கேள்வி: லேன் சேஞ்சரில் மோதினால் யார் குற்றம்? ஒவ்வொரு முறையும் சண்டை வருகிறது.

பதில்: லேன் மாறுகிறவர்மேல்தான் பொறுப்பு. பக்கத்து லேனில் கார் இருக்கிறதா என்று பார்த்து நுழைய வேண்டியவர் அவரே. நேராக வந்தவர் கவிழ்ந்தால், மார்ஷல் முதலில் அவருடைய காரை வைத்துவிட்டு, பிறகுதான் மாறியவரின் காரைத் தொட வேண்டும். அந்த ஒன்றிரண்டு வினாடியே தண்டனை, தனியாகச் சுற்றுக் கழிக்க வேண்டாம். வேண்டுமென்றே மூன்று முறை செய்தால் மட்டும் ஒரு சுற்று.

விதிவிலக்கு ஒன்று உண்டு. லேன் மாறும் காரின் வாலைத் தொட்டபடி இன்னொன்று வந்தால், திரும்பிய நாக்கு பழைய நிலைக்கு வருவதற்குள் பின்னதும் அதே பாதையில் இழுக்கப்படும். பொத்தானை அழுத்தாதவர் லேன் மாறிப்போய் மூன்றாவது ஆளை இடிப்பார். அது யார் குற்றமும் இல்லை. ஒட்டி ஓட்டாதீர்கள், ஒரு கார் நீளம் விடுங்கள் என்று பயிற்சியின்போதே சொல்லுங்கள்.

மார்ஷல்களுக்கு: கழன்ற காரை அருகில் உள்ள லேனில், அது கழன்ற இடத்திலேயே வையுங்கள். லேன் சேஞ்சர் மேலும் எண்ணும் துண்டின் மேலும் வைக்கக் கூடாது. ஓடும் கார் வருகிறதா என்று பார்த்து வையுங்கள். விழுந்த காரை எடுக்கும்போது கைடு இரண்டு ரெயிலின் மேல் குறுக்கே கிடந்தால் ஷார்ட். அதனால் டிராக்கின் மேல் இழுக்காமல் தூக்கியே எடுங்கள்.

மின்சாரத்தை நிறுத்தி எல்லோரையும் நிற்க வைப்பதை மிகக் குறைவாகப் பயன்படுத்துங்கள். கார் தரையில் விழுந்தால், அல்லது டிராக் துண்டு கழன்றால் மட்டும். ஒவ்வொரு கவிழ்வுக்கும் நிறுத்தினால் நன்றாக ஓட்டுபவருக்குப் பலனே இல்லாமல் போகும்.

கேள்வி: காந்தம் வைக்கலாமா, வேண்டாமா? டயர் விஷயத்தில் என்ன விதி?

பதில்: புதியவர்கள் அதிகம் என்றால் காந்தம் இருக்கட்டும். கை தேறிய பிறகு எடுத்துவிடுங்கள். காந்தம் இல்லாத கார் வளைவில் வால் ஆட்டுவதைக் கையால் அடக்கி ஓட்டுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர். எடுத்தவுடன் பவர் பேஸில் உச்ச வேகத்தைக் குறையுங்கள். கைடுக்குப் பின்னாலும் காரின் நடுவிலும் தரையோடு ஒட்டினாற்போல் 10 முதல் 20 கிராம் ஈயம் ஒட்டுங்கள். உயரத்தில் ஒட்டினால் கார் கவிழும். வெளி வளைவுகளில் வால் ஆட 10 செ.மீ. ஓரப் பலகை தேவைப்படும், இல்லையென்றால் டயர் விளிம்பை விட்டு இறங்கிவிடும்.

காந்தம் இல்லா விதியைச் சோதிக்க ஒரு துண்டு டிராக்கைத் தலைகீழாகப் பிடித்து, அதில் காரை ஒட்டிப் பாருங்கள். தொங்கினால் தகுதியில்லை. வாதமே இல்லாத சோதனை.

டயரில் ரப்பரையும் சிலிகானையும் ஒரே பந்தயத்தில் கலக்காதீர்கள். ரப்பர் டிராக்கில் கறுப்பாகப் படியும். சிலிகானுக்குச் சுத்தமான தளம் வேண்டும், அந்தப் படிவின் மேல் அது வழுக்கும். எது என்று ஒன்றைத் தீர்மானித்து அறிவித்துவிடுங்கள். வாங்கியதும் டயர் வட்டமாக இருக்காது. சக்கரத்தோடு சூப்பர் குளூவால் ஒட்டி, மெதுவான வேகத்தில் பின்சக்கரத்தை 240 எண் உப்புத்தாள் மேல் ஓடவிட்டு, பிறகு 400-ல் முடியுங்கள். பத்தில் எட்டுக் கார்களின் குதியாட்டம் இதோடு நிற்கும். ஹீட்டுகளுக்கு இடையே ஒட்டு நாடாவின் பசைப் பக்கத்தில் டயரை உருட்டினால் தூசி போய்விடும்.

கேள்வி: எரிபொருள் தீர்வதுபோல் பாவனை செய்யும் வசதியைப் போட்டு ஓட்டலாமா?

பதில்: முதல் இரண்டு மூன்று சந்திப்புகளுக்கு வேண்டாம். பிறகு கட்டாயம் போடுங்கள். கரேராவின் கன்ட்ரோல் யூனிட்டில் மூன்று நிலை உண்டு: அணைத்தது, சாதாரணம், ரியல். ரியலில் தொட்டி நிறைந்திருக்கும்போது கார் கனத்தது போல நடந்துகொள்ளும். எப்போது நிரப்புவது என்பதே தந்திரமாகிவிடும். தொட்டி எத்தனை சுற்று வரும் என்று ஒருவரைத் தனியாக ஓட்டவிட்டுப் பார்த்து, பந்தய நேரத்தில் இரண்டு முறை நிரப்ப வேண்டியிருக்கும்படி அமையுங்கள். பிட் லேனில் (எரிபொருள் நிரப்ப ஒதுங்கும் பாதையில்) இரண்டு கார்தான் நிற்கும் என்றால், ஒரே தொட்டி அளவில் கிளம்பும் ஆறு பேரும் ஒரே சுற்றில் அங்கே வந்து சேர்வார்கள். பாதிப் பேரைப் பாதித் தொட்டியோடு கிளப்பினால் இந்த நெரிசல் குறையும்.

கேள்வி: பழைய அனலாக் காரை டிஜிட்டல் டிராக்கில் வைத்துப் பார்க்கலாமா? சிப் பொருத்துவது கடினமா?

பதில்: சிப் இல்லாமல் ஒரு வினாடிகூட வைக்காதீர்கள். ரெயிலில் முழு வோல்டேஜ் எப்போதும் இருப்பதால், முறையைப் பொறுத்து அது உச்ச வேகத்தில் பறந்துபோகும், அல்லது நின்ற இடத்திலேயே முனகி மோட்டார் சூடாகும்.

சிப் பொருத்துவது, பற்றவைக்கத் தெரிந்தவருக்கு அரை மணி வேலை. கைடுக்குப் பின்னால், ஸ்லாட்டுக்கு நேர் மேலே எல்.இ.டி.க்குத் துளை போட வேண்டும். துளை 2, 3 மி.மீ. பக்கவாட்டில் விலகினாலும் சென்சாருக்குத் தெரியாமல் போகலாம். பிரெய்டிலிருந்து வரும் இரண்டு கம்பியும் சிப்புக்கு, சிப்பிலிருந்து இரண்டு மோட்டாருக்கு. பின்னோக்கி ஓடினால் மோட்டார் பக்கக் கம்பிகளை மட்டும் மாற்றுங்கள். வெற்றுக் கம்பி உடலில் எங்கும் தொடாமல் பாருங்கள்.

சிப் எரிவதற்கு முக்கியக் காரணம் கனத்த மோட்டார். மோட்டாரின் இரு முனைகளில் மின்தடையை அளந்து, டிராக் வோல்டேஜை அதனால் வகுங்கள். 15 வோல்ட், 5 ஓம் என்றால் 3 ஆம்பியர்: சக்கரம் சிக்கி நிற்கும்போது சிப் தாங்க வேண்டிய சுமை இதுதான். சிப்பின் அளவு இதற்குக் குறைவு என்றால் வேறு மோட்டார் போடுங்கள். சிக்கி நிற்கும் காரை விசை அழுத்தியே விடுவிக்கப் பார்ப்பவர்களால்தான் பல சிப்புகள் போகின்றன.

கேள்வி: பந்தய நாளில் மேசையில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: மல்டிமீட்டர், சிறு ஸ்க்ரூடிரைவர், மாற்று பிரெய்ட் பத்து ஜோடி, மாற்று கைடு நான்கு, கத்தரி, ஐசோபுரோபைல் ஆல்கஹால், இழை உதிராத துணி, பஞ்சுக் குச்சி, ஒட்டு நாடா, வயர்லெஸ் கன்ட்ரோலர் என்றால் புது பேட்டரி. ஒரு மாற்று நேர் துண்டும் ஒரு மாற்று வளைவும் இருந்தால் நல்லது.

ரெயிலைக் கிளம்புவதற்கு முன் ஆல்கஹால் துணியால் ஒரு முறை முழுக்கத் துடைத்து, பாதியில் இன்னொரு முறை துடையுங்கள். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதன் நுண்ணிய இழைகள் காரின் காந்தத்தில் ஒட்டி ரெயிலுக்கு ரெயில் பாலம் போடும், மோட்டாருக்குள்ளும் போகும். ஈரப்பதம் அதிகமான இடத்தில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கின் முலாம் பூசிய ரெயில் துருப்பிடிக்கும். கரேராவின் துருவேறா எஃகு ரெயில் அவ்வளவாகக் கெடாது.

பிரெய்டைச் சோதிப்பது கடைசி வேலை, ஆனால் மறக்கவே கூடாதது. காரைத் திருப்பிப் பிடித்தால் இரண்டு பிரெய்டும் கைடின் பின்முனையைத் தாண்டி அதிகம் நீளாமல், நுனி லேசாக விரிந்து, நடுவில் கைடின் சுவர் தெளிவாகத் தெரிய வேண்டும். ஓர் இழை அந்தச் சுவரைத் தாண்டி மறுபக்கம் சாய்ந்திருந்தாலும் கத்தரியால் வெட்டிய பிறகே டிராக்கில் வையுங்கள்.